பொருள்: "தாவும் மரபணு" வேண்டாமே (பைம்மாக் கட்டுரைக்கான சொல்)

நண்பர்களுக்கு வணக்கம். டி.என்.ஏ.வில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போய் உட்காரும் துண்டுகளை ஆங்கிலத்தில் "jumping genes" என்கிறார்கள். நம் கட்டுரைக்கு அதற்கொரு தமிழ்ச்சொல் தேடியபோது ஒருவர் எழுதியது:

> "தாவும் மரபணு" என்றே வைத்துக்கொள்ளலாமே, பள்ளிப்பிள்ளைக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். நாம் எழுதப்போவது பைம்மாக்களைப் பற்றி, அதாவது கங்காரு முதலிய, பெரும்பாலும் வயிற்றுப்பையில் குட்டி வளர்க்கும் பாலூட்டிகளைப் பற்றி. "கங்காருவின் தாவும் மரபணுக்கள்" என்று தலைப்பு வைத்தால், கங்காரு எப்படித் தாவுகிறது என்று விளக்கப்போகிறோம் போலும் என்றுதான் நினைப்பார்கள். என் வீட்டிலேயே அப்படித்தான் கேட்டார்கள். அதோடு இந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை மரபணுவும் அல்ல, இப்போது தாவுவதும் இல்லை.

இந்தத் துண்டுகளின் பொதுப்பெயருக்கு "இடம்பெயரி" (transposon) போதும் என்பது என் கட்சி. சிக்கல் அதன் இரண்டு வகைகளில்தான்.

மன்னார்குடிப் பக்கம் இப்போது தாளடி நடவு. நாற்றங்காலில் பறித்த நாற்றை முடி கட்டி, வயலில் விசிறிவிட்டு நடுகிறார்கள். பறித்த இடம் காலி. முதல் வகை இதேதான்: டி.என்.ஏ. துண்டு இருந்த இடத்தை விட்டுக் கிளம்பி வேறிடத்தில் போய் உட்காரும். மக்காச்சோளத்தில் அமெரிக்க அறிவியலாளர் பார்பரா மெக்லின்டாக் கண்டது இதை. நிறம் தரும் மரபணுவுக்குள் துண்டு புகுந்துகொண்டால் மணி வெளுத்துவிடும். மணி வளரும்போது சில செல்களிலிருந்து அது வெளியேறினால் அங்கே மட்டும் நிறம் திரும்பி, புள்ளி புள்ளியாகத் தெரியும். 1940களில் கண்டதற்கு 1983இல்தான் நோபல் கொடுத்தார்கள். இதற்கு என் சொல் "பறிநடவி".

இரண்டாவது வகை வாழை. தாய்மரம் நின்ற இடத்திலேயே நிற்கும், பக்கக்கன்றைப் பெயர்த்து வேறு கொல்லையில் வைப்போம். மூலத்துண்டு அசையாது, அதிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் ஒன்று எடுக்கப்பட்டு, அது மறுபடி டி.என்.ஏ.வாகி இன்னோரிடத்தில் ஊன்றிக்கொள்ளும். முதலில் "கன்றீனி" என்று எழுதிவைத்தேன். மாட்டுப்பண்ணைக் கட்டுரையா என்று கேட்டுவிட்டார்கள். சரி, "நகல்நடவி".

பைம்மாக்களில் கொட்டிக் கிடப்பது இந்த இரண்டாவது வகைதான். பைம்மாக்களில் முதன்முதலாக முழு மரபணுத்தொகை (ஓர் உயிரின் மொத்த டி.என்.ஏ.) படிக்கப்பட்டது தென்னமெரிக்காவின் சாம்பல்நிறக் குட்டைவால் ஒப்போசத்துக்கு, 2007இல். அதில் ஏறத்தாழ 52 விழுக்காடு இடம்பெயரிகள். மனிதரில் சுமார் 45. ஆனால் பெரும்பகுதி சிதைந்த நகல்கள், பல ஊன்றும்போதே பாதியில் அறுந்தவை. உமி இருக்கும், உள்ளே அரிசி இருக்காது. "பதர்நகல்" என்றால் டெல்டாக்காரனுக்கு விளக்கவே வேண்டாம். ("சாவி" இன்னும் பொருத்தம். ஆனால் வெளியூர்க்காரர் பூட்டைத் தேடுவார்.)

எனக்குச் சிக்காத சொல் ஒன்று உண்டு. பெக்10 (PEG10) என்ற மரபணு ஒரு காலத்தில் நகல்நடவியாக இருந்தது. சிறு கங்காரு போன்ற வாலபியில் உண்டு, எலியில் உண்டு, நம்மிடமும் உண்டு. முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸ்ஸில் இல்லை. எலியில் அதை நீக்கினால் நச்சுக்கொடி சரியாக உருவாகாமல் கரு இறந்துவிடுகிறது. வேற்றாளாக வந்து உடம்புக்கே வேலைசெய்யத் தொடங்கிய இந்த மாதிரித் துண்டுகளுக்கு "குடியேறி" என்று ஒரு மடலில் பார்த்தேன். குடியேறினாலே போதுமா, உழைக்கவும் வேண்டாமா? யாரிடமாவது நல்ல சொல் இருந்தால் எழுதுங்கள்.