வோல்பிக்குக் கிழிந்தது இடது தோள், எறிவது வலது கை: வானொலிக்காரர்களுக்கு இது தெரியாதா?

பிராங்க்ஸ் பழனி:
காலையில் வேலைக்குப் போகும்போது நியூயார்க் விளையாட்டு வானொலியில் ஆன்டனி வோல்பியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். தொலைபேசியில் வந்த நேயர் ஒருவர், யாங்கீஸ் பேஸ்பால் அணியில் இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு இடையில் நின்று பந்து பிடிக்கும் இந்த இளம் ஷார்ட்ஸ்டாப் 2025-இல் தடுமாறியதற்குத் தோள்பட்டைக் காயம் மட்டுமே காரணம், அக்டோபரில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது, இனி எல்லாம் சரியாகிவிடும் என்று அடித்துச் சொன்னார். நிகழ்ச்சி நடத்துபவரும் அதற்கு ஆமாம் போட்டார். கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

காயம் பட்டது இடது தோள். மே 3 அன்று ரேஸ் அணியுடன் ஆடும்போது பந்துக்குப் பாய்ந்து விழுந்ததில் தோள் மூட்டின் குருத்தெலும்பு வளையமான லேப்ரம் ஓரளவு கிழிந்தது. வருத்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர் பந்தை எறிவது வலது கையால்! அந்த ஆண்டில் பந்தைப் பிடிப்பதிலும் எறிவதிலும் 19 பிழைகள் செய்தார். முதல் பேஸில் நிற்பவரின் கைக்குப் போகாமல் மண்ணில் குத்திய பந்துகளை இடது தோளா எறிந்தது? இதற்கு யாராவது பதில் சொல்லட்டும்.

ஆறாம் எண்:
நான் சொல்கிறேன். சிறுவர்களுக்கு ஷார்ட்ஸ்டாப் ஆடக் கற்றுக்கொடுக்கிறவன் நான். முதல் நாளே சொல்லித்தருவது இதைத்தான்: வலது கையால் எறிகிறவனுக்கு இடது தோள்தான் குறி. பந்தை அள்ளியதும் உடல் பக்கவாட்டில் திரும்ப வேண்டும், இடது தோள் முதல் பேஸைப் பார்த்து நிற்க வேண்டும். அந்தத் தோள் முந்தித் திரும்பினால் பந்து விலகிப் பறக்கும், பிந்தித் திரும்பினால் தரையில் குத்தும். கையுறை இருப்பதும் இடது கையில். மூன்றாம் பேஸ் பக்கமாக ஓடும் பந்தைக் குறுக்கே நீட்டிப் பிடிக்கும்போது முழுதாக நீள்வது அதே தோள்தான். வோல்பி வலது கை ஆட்டக்காரர் என்பதால், மட்டை வீசும்போது பிட்சருக்கு எதிரே முன்னால் நிற்பதும் அதே தோள். "எறிவது வலது கை" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். ஆட்டத்தைக் காதால் மட்டும் கேட்டால் இப்படித்தான் எழுத வரும்.

பிராங்க்ஸ் பழனி:
பாடத்துக்கு நன்றி, ஆசிரியரே. நான் பிராங்க்ஸ் மைதானத்துக்குப் போய்த்தான் ஆட்டம் பார்க்கிறேன்; காதால் மட்டும் கேட்கிறவன் இல்லை.

இப்போது உங்கள் பாடத்தை ஆண்டுக் கணக்கில் வைத்துப் பார்ப்போம். 2023-இல் அவருடைய பேட்டிங் சராசரி, அதாவது மட்டை பிடித்த முறைகளில் ஹிட் அடித்த பங்கு, 0.209. அப்போது எந்தத் தோள் கிழிந்திருந்தது? 2025-இல் 0.212. கிழிந்த தோளோடு அதிகமாக அடித்திருக்கிறார்! பிழைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். 2023-இல் 17, 2024-இல் 16, 2025-இல் 19. நல்ல தோளோடு 17, கெட்ட தோளோடு 19. இந்த இரண்டு பிழைகளுக்காகவா வானொலியில் ஒரு மணி நேரம்? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

எடிசன் தேவி:
அண்ணா, பழமொழியெல்லாம் எதற்கு? 2025-இல் 24 வயதுப் பையன். நம் பக்கத்து வாட்சங் ஊரில் வளர்ந்து, சின்ன வயதிலிருந்து யாங்கீஸின் பெரும் ஷார்ட்ஸ்டாப் டெரெக் ஜீட்டரைப் பார்த்தே ஏங்கி, அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறான். ஆடத் தெரியாதவனுக்கா 2023-இல் சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் குளோவ் கொடுத்தார்கள்? யாங்கீஸில் முதல் ஆண்டிலேயே அந்த விருதை வாங்கியவர் இவர் ஒருவர்தான். அதே ஆண்டில் 21 ஹோம் ரன், 24 பேஸ் திருட்டு (பந்து அடிபடாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்வது).

நல்ல ஷார்ட்ஸ்டாப் என்று நீங்கள் எதைச் சொல்கிறீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். பந்து பிடிப்பவரையா, அடிப்பவரையா? அது தெரியாமல் எண்களை வீசிக்கொண்டிருப்பதில் பொருளில்லை.

பிராங்க்ஸ் பழனி:
தேவி, இலக்கணம் வகுக்க நான் வரவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி. 2023-இல் தோள் நன்றாக இருந்தது, சராசரி 0.209. ஏன்?

குவீன்ஸ் குமரன்:
நியூயார்க்கின் இன்னொரு அணியான மெட்ஸின் ரசிகன் உள்ளே வரலாமா? 2021-இல் ஷார்ட்ஸ்டாப் பிரான்சிஸ்கோ லிண்டோர் எங்களிடம் வந்த முதல் ஆண்டில் 0.230 தான் அடித்தார். சொந்த மைதானத்திலேயே ஊளையிட்டார்கள், அவரும் கட்டைவிரலைக் கீழே காட்டிப் பதில் சொன்னார். பெரிய ரகளை ஆனது. ஆனால் நாங்கள் பொறுத்தோம். 2024-இல் நேஷனல் லீக் சிறந்த வீரர் தேர்வில் ஓட்டானிக்கு அடுத்து வந்தார். பொறுமை என்று ஒன்று இருக்கிறது. யாங்கீஸ் ரசிகர்களுக்கு அது அமைந்ததே இல்லை.

பிராங்க்ஸ் பழனி:
வாருங்கள், வாருங்கள். 2025-இல் கடைசி நாள் ஆட்டத்தில் மார்லின்ஸிடம் தோற்று, போஸ்ட் சீசன் எனும் இறுதிச் சுற்றுகளின் வாய்ப்பைக் கைவிட்டுப் போனவர்கள் எங்களுக்குப் பொறுமை கற்பிக்கிறார்கள். லிண்டோர் உங்களிடம் வருவதற்கு முன்பே கிளீவ்லாந்தில் ஜொலித்தவர். தான் யார் என்று காட்டியிருந்த ஒருவரை நம்பிப் பொறுத்தீர்கள். வோல்பி எப்போது காட்டினார்? பேஸை எட்டும் விகிதம் 2023-இல் 0.283, 2024-இல் 0.293, 2025-இல் 0.272. மூன்று ஆண்டுகளில் ஒருமுறைகூட 0.300-ஐத் தொடவில்லை. மூன்றில் இரண்டு ஆண்டுகள் தோள் நன்றாகவே இருந்தது.

குவீன்ஸ் குமரன்:
2009-க்குப் பிறகு ஒரு கோப்பை உண்டா உங்களுக்கு?

பிராங்க்ஸ் பழனி:
1986-க்குப் பிறகு உங்களுக்கு?

ஆறாம் எண்:
இரண்டு பேரும் கோப்பை எண்ணி முடித்துவிட்டீர்களா? பழனி, 2023-ஐயே சுற்றிச்சுற்றி வருகிறீர்கள். அது முதல் ஆண்டு. மைனர் லீக்கின் உச்சமான டிரிபிள் ஏ மட்டத்தில் போதிய ஆட்டங்கள்கூட ஆடாமல் நேரே மேலே வந்தவர். ஷார்ட்ஸ்டாப் ஓசி ஸ்மித் 1979-இல் எவ்வளவு அடித்தார் தெரியுமா? 0.211. இன்று அவர் பேஸ்பால் மேதைகளின் ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார். ஜீட்டர் 1993-இல் கிரீன்ஸ்பரோவில் 56 பிழைகள் செய்தார். அன்று உங்களைப் போன்றவர்கள் கையில் அதிகாரம் இருந்திருந்தால் அவரை வேறு இடத்துக்கு மாற்றியிருப்பார்கள்.

இன்னொன்றும் கேளுங்கள். கிழிந்த தோளோடு 2025-இல் 153 ஆட்டங்கள் ஆடினார். சீசன் நடுவே வலி, வீக்கம் குறைக்கும் கார்டிசோன் ஊசி போட்டுக்கொண்டு ஆடினார். 19 ஹோம் ரன், 72 ஆர்பிஐ (அவர் அடித்ததால் வந்த ரன்கள்). ஓய்வு வேண்டும் என்று ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. இப்படிப்பட்ட பையனைத்தான் சொந்த மைதானத்தில் ஊளையிடுகிறீர்கள்.

பிராங்க்ஸ் பழனி:
ஜீட்டரின் பெயரை இந்தப் பேச்சில் இழுக்காதீர்கள். அந்த 56 பிழைகளைச் செய்தபோது அவருக்கு 19 வயது, அது மைனர் லீக். 1996-இல் முழு சீசன் ஆடிய முதல் ஆண்டிலேயே 0.314 அடித்து, சிறந்த புதுமுகமாகி, கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். 1998-இல், வோல்பியின் இதே 24 வயதில், 0.324. தெய்வத்தின் பெயரைச் சொல்லிப் பூசாரிக்குப் பரிந்து பேசாதீர்கள்.

வலியோடு ஆடினார் என்பதை நானும் மதிக்கிறேன். ஆனால் அது யாருடைய தவறு? சீசன் நடந்தபோது மேலாளர் ஆரன் பூனைக் கேட்டால் தோள் ஒரு பிரச்சினையே இல்லை என்றார். அறுவை சிகிச்சை முடிந்ததும் எல்லாருக்கும் தோள் நினைவுக்கு வந்துவிட்டது. அன்று சொன்னது உண்மையா, இன்று சொல்வது உண்மையா?

எடிசன் தேவி:
2024 உலகத் தொடரின் நான்காம் ஆட்டத்தை மறந்துவிட்டீர்களே! மூன்று ஆட்டங்கள் தோற்று அணியே முடிந்துபோனது என்று இருந்த இரவில், டேனியல் ஹட்சன் எறிந்த பந்தை இடது பக்கக் கூட்டத்துக்குள் அனுப்பி மூன்று பேஸிலும் ஆட்கள் நிற்க நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் அடித்தது யார்? என் மகன் சோபாவிலிருந்து குதித்ததில் மேசை விளக்கு உடைந்தது. அன்று வாங்கிய 11-ஆம் எண் சட்டையை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறான்.

பிராங்க்ஸ் பழனி:
மறக்கவில்லை. மறுநாள் ஐந்தாம் ஆட்டத்தையும் மறக்கவில்லை. 5-0 என்று முன்னணி. ஐந்தாம் இன்னிங்ஸ். முதல், இரண்டாம் பேஸ்களில் எதிரணி டாட்ஜர்ஸ் ஆட்கள். வில் ஸ்மித் அடித்த பந்து உருண்டு நேரே வோல்பியிடம் வருகிறது. மூன்றாம் பேஸுக்கு எறிகிறார். பந்து அங்கே நின்ற நம் ஜாஸ் சிஷமுக்கு முன்னால் மண்ணில் குத்துகிறது. யாரும் அவுட் இல்லை, மூன்று பேஸும் நிரம்பிவிட்டன. அந்த இன்னிங்ஸிலேயே 5-5. கடைசியில் 7-6 என்று தோற்றோம், கோப்பையும் போனது.

அது 2024 அக்டோபர். எந்தத் தோள் கிழிந்திருந்தது? சொல்லுங்கள்.

ஆறாம் எண்:
அதே இன்னிங்ஸில் சென்டர் ஃபீல்டில் கைக்கு வந்த பந்தை ஆரன் ஜட்ஜ் நழுவவிட்டார். மூக்கி பெட்ஸ் அடித்த பந்துக்கு நம் பிட்சர் கெரிட் கோல் முதல் பேஸை மூட ஓடவே இல்லை. அவர் ஓடியிருந்தால் ஒரு ரன்னும் இல்லாமல் இன்னிங்ஸ் முடிந்திருக்கும். ஜட்ஜை யாரும் ஊளையிடவில்லை, கோலை யாரும் ஊளையிடவில்லை. பழி மட்டும் பையன் தலையில். மூன்றாம் பேஸுக்கு எறிய முடிவெடுத்தது சரியான முடிவு. சிஷம் அந்தப் பந்தை அள்ளியிருக்கலாம்.

பிராங்க்ஸ் பழனி:
இப்போது சிஷம் மேல் பழியா! பிழை யார் பெயரில் பதிவானது?

ஆறாம் எண்:
பதிவு வேறு, ஆட்டம் வேறு. 2025-இல் ரெட் சாக்ஸுடன் நடந்த, போஸ்ட் சீசனின் முதல் சுற்றான வைல்ட் கார்டு தொடரின் முதல் ஆட்டத்தில் காரெட் க்ரோஷேவை எதிர்த்து ஹோம் ரன் அடித்தது யார்? அன்று நாம் எடுத்த ஒரே ரன் அது.

பிராங்க்ஸ் பழனி:
நன்றி! இதைத்தான் உங்கள் வாயால் கேட்கக் காத்திருந்தேன். லீக்கின் மிகச் சிறந்த இடது கை பிட்சர்களில் ஒருவரை அடிக்கும்போது தோள் வலிக்கவில்லை. அடுத்த வாரம் டொரன்டோவுடன் 15 முறை ஆடி ஒரே ஒரு ஹிட், 11 ஸ்ட்ரைக் அவுட். அப்போது மட்டும் தோள் வலித்ததா? அடித்தால் திறமை, அடிக்காவிட்டால் தோள்பட்டை. இதை ஏற்றுக்கொள்ளும் வானொலிதான் நமக்கு வாய்த்திருக்கிறது.

எடிசன் தேவி:
அவர் உழைக்காதவர் இல்லை. 2023 ஜூனில் தோழர் ஆஸ்டின் வெல்ஸோடு உட்கார்ந்து சிக்கன் பார்ம் சாப்பிட்டுக்கொண்டே பழைய காணொளிகளைப் பார்த்து, நிற்கும் விதம் மாறிவிட்டதைக் கண்டுபிடித்துத் திருத்திக்கொண்டார். அதன் பிறகு நன்றாக அடிக்கவும் தொடங்கினார்.

பிராங்க்ஸ் பழனி:
ஆண்டுக்கு ஒரு முறை நிற்கும் விதத்தை மாற்றுகிறார். பிரச்சினை அங்கேதான் இருக்கிறது, தோளில் இல்லை என்று நீங்களும் ஒப்புக்கொள்கிறீர்கள்.

எடிசன் தேவி:
நான் எங்கே ஒப்புக்கொண்டேன்?

பிராங்க்ஸ் பழனி:
சரி, அடிவேருக்கே வருகிறேன். 2021 குளிர்காலத்தில் ஷார்ட்ஸ்டாப் கோரி சீகர் எந்த அணியுடனும் ஒப்பந்தம் இல்லாமல் சந்தையில் இருந்தார். "பெரிய ஷார்ட்ஸ்டாப் எதற்கு, வோல்பி வளர்ந்து வருகிறான்" என்று இதே இடத்தில் எழுதியவர் ஆறாம் எண். டெக்சஸ் 325 மில்லியன் டாலருக்கு அவரை அழைத்துக்கொண்டது, 2023-இல் கோப்பையும் வாங்கியது, உலகத் தொடரின் சிறந்த வீரர் சீகர். நாம் 0.209-ஐப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த முடிவை நியாயப்படுத்தத்தான் இப்போது தோள்பட்டையைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

ஆறாம் எண்:
பொய். நான் வேண்டாம் என்று எழுதியது இன்னொரு ஷார்ட்ஸ்டாப்பான கார்லோஸ் கொரேயாவை. அவருடைய கணுக்கால் பரிசோதனையைப் பார்த்து ஜயன்ட்ஸ் பின்வாங்கியது, மெட்ஸும் பின்வாங்கியது. நான் சொன்னதுதான் நடந்தது. சீகர் கோப்பை வென்ற ஆண்டில்கூட 119 ஆட்டங்கள்தான் ஆடினார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

குவீன்ஸ் குமரன்:
மெட்ஸ் பின்வாங்கியது புத்திசாலித்தனம். அதற்காவது ஒரு நன்றி சொல்லலாம்.

பிராங்க்ஸ் பழனி:
119 ஆட்டங்களில் 0.327, 33 ஹோம் ரன். வோல்பி அதே ஆண்டு 159 ஆட்டங்கள் ஆடினார், தோள் நன்றாக இருந்தது, அடித்தது 0.209. இன்னும் எத்தனை முறை எழுத வேண்டும்? ஷார்ட்ஸ்டாப் ஆடத் தெரிந்த ஹோசே கபயேரோ நம் அணியில் இருக்கிறார், 2025-இல் அமெரிக்கன் லீக்கிலேயே அதிகமாக 49 பேஸ் திருடியவர். 2026 சீசன் தொடங்கும்போது வோல்பி களத்தில் இருக்கப்போவதில்லை. கபயேரோவையே நிறுத்தி ஆடட்டும்.

ஆறாம் எண்:
கபயேரோவைப் பற்றித் தனியாகப் பேசுவோம். முதலில் சீகரை வேண்டாம் என்று நான் எழுதிய வரியை எடுத்துப் போடுங்கள். அதுவரை உங்கள் 0.209-க்கு நான் பதில் சொல்லப்போவதில்லை.

பிராங்க்ஸ் பழனி:
தேடி எடுத்துப் போடுகிறேன். அதற்குள் யாராவது சொல்லுங்கள்: 2023-இல் எந்தத் தோள்?