குற்ற விகிதமா, குற்ற இலட்சவீதமா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மக்கள்தொகையோடு பொருத்திப் பார்க்கும் குற்ற அளவுக்கு (ஆங்கிலத்தில் crime rate) தமிழ்ச் சொல்லாகத் தாங்கள் முன்மொழிந்த 'குற்ற விகிதம்' நாளிதழ்களில் ஊறிப்போன சொல்தான். ஆனாலும் எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கள் வீட்டுக்கு மாடி எடுத்தபோது, ஒரு சட்டி சிமெண்டுக்கு ஐந்து சட்டி மணல் என்று கொத்தனார் விகிதம் சொன்னார். அவரே கூலி பேசும்போது 'சதுர அடிக்கு இவ்வளவு வீதம்' என்றார். இத்தனை பேருக்கு இத்தனை என்னும் பொருள் வீதத்தில்தான் இருக்கிறது.

வெறும் எண்ணிக்கையையும் வீதத்தையும் குழப்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் வேலூர் மாவட்டமே சாட்சி. 1989இல் வட ஆர்க்காடு மாவட்டம் இரண்டானதில் ஒன்று இது. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து இராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. 2011 கணக்கெடுப்பில் 39.36 இலட்சம் பேர் இருந்த மாவட்டம், அதே கணக்கின்படி ஏறத்தாழ 16 இலட்சமாகச் சுருங்கியது. பிரிவினைக்கு முன்னும் பின்னும் பதிவான வழக்குகளை மட்டும் வைத்துக் கோடு இழுத்தால், ஒரு திருடன்கூடத் திருந்தாமலே வேலூரில் குற்றம் பாதிக்கு மேல் குறைந்துவிட்டதாகத் தோன்றும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகம், அந்த மயக்கத்துக்கு இடமில்லாதபடி, வழக்குகளை அவ்வாண்டின் நடுப்பகுதிக்கு மதிப்பிட்ட மக்கள்தொகையால் வகுத்து, இலட்சம் பேருக்கு இத்தனை என்று தருகிறது. பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்குப் பெண்கள் தொகையால் மட்டுமே வகுக்கிறது.

ஆகவே 'சதவீதம்' என்ற பழகிய அச்சிலேயே 'இலட்சவீதம்' என்று வார்க்கலாம் என்பது என் கருத்து. ஆயிரம் பேருக்கு இத்தனை என்று கணக்கிடும் பிறப்பு, இறப்புகளுக்கு 'ஆயிரவீதம்' தானாக வந்து பொருந்தும். இலங்கையில் 'வீதம்' என்றாலே சதவீதத்தைக் குறிக்குமே என்று கேட்கலாம். முன்னொட்டு இருப்பதால் அந்த ஐயமும் நீங்குகிறது. 'நூறாயிரவீதம்' இன்னும் தமிழாக இருக்கும், ஆனால் காவல் நிலைய எழுத்தர் எவரும் அப்படி எழுதப் போவதில்லை. தண்டனையில் முடிந்த வழக்குகளைச் சொல்வதற்கு, அது முழுமையின் ஒரு பங்கு என்பதால், 'தண்டனை விழுக்காடு' போதும்.

ஆனால் இலட்சவீதமும் சிற்றூர்களில் தடுமாறும். ஈராயிரம் பேர் வாழும் ஊரில் வரப்புத் தகராறு முற்றி ஒரு கொலை விழுந்தால், அவ்வாண்டுக்கு அவ்வூரின் கொலை இலட்சவீதம் 50 ஆகிவிடும். 2022இல் நாடு முழுமைக்கும் அது 2.1தான். மறு ஆண்டு கொலை ஏதும் நடக்காவிட்டால் அவ்வூரின் இலட்சவீதம் சுழியமாகும். முதலாண்டு அது கொலைக்களமும் அன்று, மறு ஆண்டு திருந்திய ஊரும் அன்று. இத்தகைய ஊர்களுக்கு ஐந்தாண்டு வழக்குகளைக் கூட்டி, ஐந்தாண்டு மக்கள்தொகைகளின் கூட்டுத்தொகையால் வகுத்து, 'ஐயாண்டு இலட்சவீதம்' என்று தனியே வழங்குவதே நேர்மை.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. வேலூரில் வெளிமாநிலத்தாரும் சிகிச்சைக்கு வரும் சி.எம்.சி. (கிறித்தவ மருத்துவக் கல்லூரி) மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் கடைப் பலகைகள் வங்காளத்திலும் இந்தியிலும் தொங்கும். அங்கே அறையெடுத்துத் தங்கிய வெளிமாநில நோயாளியின் கைப்பேசி பறிபோனால், வழக்கு வேலூர்க் கணக்கின் தொகுதியில், அதாவது வகுபடும் வழக்கு எண்ணிக்கையில், ஏறும். அவரோ பகுதியில், அதாவது வகுக்கும் மக்கள்தொகையில், இல்லை. இத்தகையோரை 'மிதக்கும் மக்கள்தொகை' என்று எழுதுகிறார்கள். பாலாற்றில் தண்ணீர் வந்தால்தான் இங்கே எதுவும் மிதக்கும். 'வந்துபோவோர் தொகை' என்றால் போதாதா?