டெஸ்ட் இல்லாமல் மெர்ஜ் இல்லை: உங்களுக்கு என்ன நடந்தது?

கேட்டவர்:
ஓப்பன் சோர்ஸ் திட்டம் ஒன்றுக்கு நான் அனுப்பிய முதல் பேட்ச் (கோடில் செய்யும் திருத்தம்) மொத்தம் மூன்றே வரி. எக்செலில் யூடிஎஃப்-8 சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பாக) சேமித்தால் கோப்பின் தலையில் பிஓஎம் என்று 3 பைட், எழுத்துக் குறியாக்கத்தைக் காட்டும் அடையாளம், ஒட்டிக்கொண்டு வரும். அதனால் முதல் நெடுவரிசையின் பெயர் பொருந்தாமல் போகும். அதை வெட்டும்படி எழுதி அனுப்பினேன். "டெஸ்ட் சேர்த்து அனுப்புங்கள்" என்று ஒற்றை வரிப் பதில். கோடு சரியாக வேலை செய்கிறதா என்று தானாகப் பார்க்கும் சிறு கோடுதான் டெஸ்ட்; அது இல்லாமல் மெர்ஜ் இல்லை, அதாவது திட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். மூன்று வரிக்கு டெஸ்டா என்று எரிச்சல், இரண்டு வாரம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு வேண்டாவெறுப்பாக பிஓஎம் உள்ள கோப்புக்கு ஒன்று, இல்லாத கோப்புக்கு ஒன்று என இரண்டு டெஸ்ட் எழுதினேன். இரண்டாவது ஃபெயில். பிஓஎம் இருக்கிறதா என்றே பார்க்காமல் எல்லாக் கோப்பிலும் முதல் 3 பைட்டை வெட்டியிருக்கிறேன்! என்னிடம் இருந்தவை எல்லாம் எக்செல் கோப்புகள், அதனால் கண்ணில் படவே இல்லை.

உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

பதில் 1:
நான் எதிர்ப்பக்கம், மெயின்டெய்னர் (திட்டத்தைப் பராமரித்து, வரும் பேட்சுகளைப் பார்ப்பவர்). டெஸ்ட் கட்டாயம் என்பதில் எங்கள் குழுவில் சண்டையே வந்ததில்லை. எதில் எழுதுவது என்பதில்தான் வந்தது. பைத்தானோடு கூடவே வரும் டெஸ்ட் கருவியான யூனிட்டெஸ்ட், ஜாவாவின் ஜேயூனிட்டைப் பார்த்துச் செய்தது. எதற்கெடுத்தாலும் ஒரு கிளாஸ் வேண்டும் என்று சலித்துக்கொண்டு நோஸ் என்ற இன்னொரு டெஸ்ட் கருவியின் பக்கம் போனோம். 2015-இல் வந்த 1.3.7-தான் அதன் கடைசி வெளியீடு. ஓடுகிறவரை ஓடட்டும் என்று விட்டுவிட்டோம். பைத்தான் 3.10 வந்ததும் படுத்துவிட்டது. நோஸ் உள்ளுக்குள் நம்பியிருந்த பைத்தான் பெயரான கலெக்‌ஷன்ஸ்.காலபிள் அந்தப் பதிப்பில் இல்லை. எங்கள் கோடில் ஒரு குறையும் இல்லை, ஆனால் டெஸ்டுகளைத் தானாக ஓட்டும் சிஐ முழுக்கச் சிவப்பு.

பைடெஸ்ட் என்ற மூன்றாவது கருவிக்கு மாறினோம். சாதா ஃபங்ஷன்களும் பழைய யூனிட்டெஸ்ட் கிளாஸ்களும் கைவைக்காமலே ஓடின. யீல்டு போட்டு, ஒரே ஃபங்ஷனிலிருந்து பல டெஸ்டுகள் வரும்படி எழுதியவைதான் கழுத்தை அறுத்தன. பைடெஸ்ட் 4.0-லேயே அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். ஒவ்வொன்றையும் பாராமெட்ரைஸ் (ஒரே டெஸ்டைப் பல உள்ளீடுகளோடு ஓட்டும் முறை) ஆக்க வேண்டியிருந்தது. அவற்றை ஆசை ஆசையாக எழுதி வைத்த புண்ணியவான் நானே. இப்போது புதிதாக ஒரு பிளகின் சேர்க்க வேண்டுமென்றால் இரண்டு பேர் சரி என்று சொல்ல வேண்டும். யூனிட்டெஸ்ட் மட்டும் தெரிந்து வருகிறவர் அதிலேயே எழுதலாம், ஓட்டுவது எப்படியும் பைடெஸ்ட்தான்.

பதில் 2:
நாங்கள் கவரேஜ் (டெஸ்டுகள் ஓடும்போது கோடில் எத்தனை சதவீத வரிகள் ஓடுகின்றன என்ற கணக்கு) 80%-க்குக் கீழே போனால் மெர்ஜ் ஆகாது என்று பூட்டு போட்டோம். வந்தது என்ன தெரியுமா? எல்லா ஃபங்ஷனையும் வரிசையாகக் கூப்பிட்டுவிட்டு, விடையைச் சரிபார்க்கும் ஒரு அசர்ட்கூட இல்லாத டெஸ்டுகள். வரிகள் ஓடினாலே கவரேஜ் ஏறிவிடும், விடை சரியா என்று அது பார்க்காது. எழுதியவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை, நாங்கள் கேட்டது எண்ணைத்தானே. பூட்டை எடுத்துவிட்டோம். இப்போது விதி வேறு: பக்கை (கோடில் உள்ள பிழையை) சரிசெய்கிறவர், அந்தத் திருத்தம் இல்லாமல் ஃபெயில் ஆகும் டெஸ்ட் ஒன்றைத் தர வேண்டும். ரிவ்யூ செய்பவர் திருத்தத்தை மட்டும் நீக்கிவிட்டு ஓட்டிப் பார்ப்பார். எழுத்துப்பிழைத் திருத்தங்களுக்கு விலக்கு.

கேட்டவர்:
இதை என் பேட்சில் இப்போதே செய்து பார்த்தேன். திருத்தத்தை எடுத்தால் முதல் டெஸ்ட் ஃபெயில் ஆகிறது, இரண்டாவது பாஸ் ஆகிறது. அப்படியானால் இரண்டாவது தேவையில்லையா?

பதில் 2:
வைத்திருங்கள். முதலாவது பழைய பக்குக்கு, இரண்டாவது உங்களுக்கு :)