மேயர் திரும்பிப் பார்த்தார், ஆணையர் எழுந்தார்: உங்கள் ஊரில் அதிகாரம் யாரிடம் இருந்தது? அனுபவம் சொல்லுங்கள்

வாய்க்கால்தெரு வாசி:
மாநகராட்சி மன்றக் கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையிலிருந்து பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? ஊர்ப் பெயர் வேண்டாம். எங்கள் தெருமுனைச் சிறுபாலம் இடிந்து, பள்ளிப் பிள்ளைகள் பலகை போட்டுக் கடந்துகொண்டிருந்தார்கள். கவுன்சிலர் மன்றத்தில் எழுந்து அதைச் சொன்னார், குரல் உடைகிற அளவுக்குச் சொன்னார். மேயர் சிவப்பு அங்கியும் சங்கிலியுமாக உட்கார்ந்து முழுதும் கேட்டார். முகத்தில் நிஜமான வருத்தம் தெரிந்தது. பிறகு பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, "ஆணையர் பதில் சொல்வார்" என்றார். ஆணையர் எழுந்து, "மதிப்பீடு தயாரித்து அரசுக்குக் கருத்துரு அனுப்பப்பட்டுள்ளது" என்றார். அவ்வளவுதான், அடுத்த பொருளை வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மேயர் அப்படித் திரும்பியதுதான் இன்னும் உறுத்துகிறது. நாங்கள் ஓட்டுப் போட்டது கவுன்சிலருக்கு. கவுன்சிலர்கள் போட்டது மேயருக்கு. ஆணையருக்கு யாருமே போடவில்லை, ஆனால் அந்த மண்டபத்தில் பாலத்தைப் பற்றிப் பதில் வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான்.

கரிசல்காட்டுப் பொண்ணு:
எங்க ஊர் கிராம ஊராட்சி, அங்க கதையே தலைகீழ். தலைவரை மக்களே நேரா தேர்ந்தெடுக்கிறாங்க, செயல் அதிகாரமும் தலைவருக்குத்தான். ஆனா பணம் எடுக்கணும்னா துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். அப்ப எங்க பெரியப்பா தலைவர், செக் புக் காலம். நல்ல கோடையில போர் மோட்டார் காயில் எரிஞ்சுபோச்சு. துணைத் தலைவருக்கும் பெரியப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்ல. பெரியப்பா தன் கையெழுத்தைப் போட்ட செக்கை எடுத்துக்கிட்டு அவர் வீட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்தார். உள்ளே ஆள் இருக்கு, சத்தம் கேக்குது, யாரும் வெளிய வரல. தெருப் பொம்பளைங்க காலிக் குடத்தோட அந்த வாசல்ல வரிசையா நின்னாங்க, யாரும் ஒரு வார்த்தை பேசல. கடைசியில துணைத் தலைவரோட அம்மாதான் பேனாவோட வெளிய வந்து, "குடு, நான் வாங்கித் தரேன்"னு செக்கை உள்ளே எடுத்துட்டுப் போனாங்க.

ஒரே ஆள் பணத்தை எடுத்துடக் கூடாதுன்னுதான் அந்த விதி. சரியான விதின்னுதான் இப்பவும் நினைக்கிறேன். ஆனா அன்னிக்குத் தண்ணி நின்னதும் அதே விதியாலதான்.

பணிநிறைவு எழுத்தர்:
முதல் பதிவு எழுதிய நண்பர் மேயருக்கு ஒன்றுமே இல்லை என்பதுபோல் எழுதியிருக்கிறார். அது சரியல்ல. வரவு செலவுத் திட்டத்தை நிறைவேற்றுவது மன்றம். வரி விகிதம் மன்றத்துக்கு வர வேண்டும். ஒரு தொகைக்கு மேற்பட்ட ஒப்பந்தங்களும் மன்றத்துக்கு வர வேண்டும். மன்றம் முடிவெடுக்கும், ஆணையர் நிறைவேற்றுவார் என்பதுதான் 1919-ஆம் ஆண்டுச் சென்னை மாநகராட்சிச் சட்டத்திலிருந்து வரும் ஏற்பாடு. 1998-ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரல் 13-இல் நடைமுறைக்கு வந்த பிறகும் அடிப்படை மாறவில்லை. ஆணையரை நியமிப்பதும் மாற்றுவதும் அரசு. மன்றத் தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு வழி உண்டு. ஆகவே இழுபறி மேயருக்கும் ஆணையருக்கும் இடையே என்று பார்ப்பது பாதிதான். மீதி கோட்டையில், தலைமைச் செயலகத்தில் இருக்கிறது.

மன்றமே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் பணியில் இருந்தபோது கண்டேன். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியில். இடையில் மன்றத்தின் இடத்தில் அரசு வைத்த தனி அலுவலர்கள், பெரும்பாலும் ஆணையர்களே. என் மேசைக்கு ஒரு கோப்பு வந்தது. மேலே "மன்றத்தின் அனுமதிக்கு வைக்கப்படுகிறது" என்று ஆணையர் கையெழுத்து. கீழே "அனுமதிக்கப்பட்டது" என்று தனி அலுவலர் கையெழுத்து. ஒரே பேனா, ஒரே கை, ஒரே தேதி. சட்டப்படி அதில் பிழையே இல்லை. முத்திரை வைக்கும்போது எனக்குக் கை கூசியது.

நண்பருக்கு ஒரு யோசனை. பாலத்துக்கு வெறும் மனு கொடுக்காதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். மதிப்பீடு எந்தத் தேதியில் தயாரானது, மன்றத் தீர்மான எண் என்ன, கருத்துரு எந்தக் கடித எண்ணில் யாருக்குப் போனது, எந்த நிதியிலிருந்து செலவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். "ஏன் கட்டவில்லை" என்று கேட்டால் பதில் வராது, ஆவணத்தைக் கேட்டால் வரும். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள். மண்டல அலுவலகத்தில் கொடுத்தால் ஒப்புகை வாங்க மறக்காதீர்கள். அந்த நகலைக் கவுன்சிலரிடமும் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் கடித எண்ணோடு கேட்டால் ஆணையர் ஒரு வரியில் உட்கார முடியாது.

வாய்க்கால்தெரு வாசி:
நன்றி ஐயா. ஆனால் நான் மனு எழுதும் முறையைக் கேட்கவில்லை. கவுன்சிலர் கடித எண்ணோடு கேட்டாலும் பதில் சொல்லப்போவது அதே நாற்காலிதானே? 2022 ஏப்ரலில் சொத்து வரி உயர்வை அரசு அறிவித்தது, பிறகுதான் மன்றங்கள் தீர்மானம் போட்டன. வரி விகிதம் மன்றத்துக்கு வர வேண்டும் என்கிறீர்கள். வந்தது, முடிவான பிறகு வந்தது.

பாலிகஞ்ச் திரும்பி:
வேலைக்காகக் கொல்கத்தாவில் இருந்தேன். அங்கே அமைப்பே வேறு. 1980-ஆம் ஆண்டுச் சட்டப்படி மேயரும் அவர் தேர்ந்தெடுக்கும் உறுப்பினர்களும் சேர்ந்த 'மேயர்-இன்-கவுன்சில்' நிர்வாகத்தை நடத்துகிறது, மாநில அமைச்சரவை போல. ஆணையர் அவர்களின் கீழ். மழைத் தண்ணீர் எங்கள் கட்டடத்துக்குள் வந்தபோது வடிகால் பொறுப்பு உறுப்பினரே வந்து நின்றார். கீழ்வீட்டுத் தாத்தா அவர் சட்டைக் கையைப் பிடித்து, "பம்ப் ஏன் ஓடவில்லை, நீ சொல்" என்று வங்காளத்தில் கேட்டார். அந்த மனிதர் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. பதில் நல்ல பதில் இல்லை, தண்ணீரும் உடனே வடியவில்லை. ஆனாலும் கேட்க ஒரு சட்டைக் கை இருந்தது.

மயிலைக்காரர்:
இதெல்லாம் சென்னை மாநகராட்சி பிறந்த அன்றே தொடங்கியது. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம். 1688 செப்டம்பர் 29-இல் மாநகராட்சி தொடங்கியது. ஒரு மேயர், 12 ஆல்டர்மன்கள் (மூத்த மன்ற உறுப்பினர்கள்), 60 பர்கெஸ்கள் (நகரத்தார் உறுப்பினர்கள்). முதல் மேயர் நத்தானியேல் ஹிக்கின்சன். ஆல்டர்மன்களில் ஆலங்காத்த பிள்ளை போன்ற உள்ளூர்ப் பெரியவர்களும் இருந்தார்கள். மேயரும் ஆல்டர்மன்களும் நீதிமன்றமாகவும் உட்கார்ந்தார்கள். கம்பெனி ஏன் இதைச் செய்தது தெரியுமா? கோட்டை போட்ட வரியை மக்கள் எதிர்த்தார்கள். தங்கள் ஆட்களே விதித்தால் கட்டுவார்கள் என்று லண்டனில் கம்பெனியை நடத்திய ஜோசையா சைல்டு கணக்குப் போட்டார். உண்மையான அதிகாரம் கோட்டைக்குள் கவர்னரிடமே இருந்தது. முதல் நண்பரின் சொத்து வரி வாதத்துக்கு இதைவிடப் பழைய சாட்சி கிடைக்காது.

என் அனுபவம் சின்னது. 2022 நவம்பரில் எங்கள் ஏரியா சபைக் கூட்டம், அதாவது வார்டின் ஒரு பகுதி மக்கள் கவுன்சிலரோடு கூடிப் பேசுவது. கவுன்சிலர் ஒரு பெண். கேள்விக்கெல்லாம் கணவர் எழுந்து பதில் சொன்னார். முன்வரிசைப் பாட்டி ஒருவர் கைத்தடியை நீட்டி, "நீ தள்ளு தம்பி. நாங்க போட்டது அவளுக்கு" என்றார். கவுன்சிலர் எழுந்தார். கழிவுநீர் குடிநீர் வாரியத்தின் வேலை, மழைநீர் வடிகால் மாநகராட்சி வேலை, முதன்மைச் சாலை நெடுஞ்சாலைத் துறை என்று பிரித்துச் சொன்னார். எங்கள் தெருவுக்கு எது யார் என்பது அன்றுதான் எல்லோருக்கும் புரிந்தது.

தேரடி நிருபர்:
மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தால் தீரும் என்று அடுத்து யாராவது எழுதுவார்கள். சென்னையில் 1996, 2001, 2011 மூன்று முறையும் நேரடித் தேர்தல்தான். 2006, 2022-இல் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்தார்கள். எந்த முறை வந்தாலும் பணி ஆணையில் கையெழுத்து ஆணையருடையது. நான் செய்தி சேகரித்த ஒரு நகராட்சியில் தலைவர் தன் அறையில் குறைதீர் மனுக்களை வாங்கி, ஒவ்வொன்றிலும் "உடன் நடவடிக்கை எடுக்கவும்" என்று பச்சை மையில் எழுதுவார். ஆணையர் அலுவலகத் தபால் பிரிவில் அந்த மனுக்களுக்கும் மற்ற மனுக்களோடு சேர்த்து வரிசை எண் போட்டார்கள். பச்சை மைக்குத் தனி வரிசை கிடையாது.

தேர்தல் முறையை விடுங்கள். கொல்கத்தாவில் கோப்பு எந்த மேசையில் முடிகிறது என்பதைச் சட்டத்திலேயே மாற்றினார்கள். இங்கே அதைக் கேட்டு எந்த மன்றமாவது தீர்மானம் போட்டிருந்தால், தீர்மான எண்ணோடு இங்கே எழுதுங்கள்.