புதுப்பிப்பு: எங்கள் ஊர் பிரஷர் பரிசோதனைத் திட்டம்

மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுக்க ஞாயிறு காலை பள்ளிக்கூடத்தில் முகாம் போடலாமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். போட்டோம். பெண்கள் வந்தார்கள், ஆண்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "பால் சொசைட்டிக்குப் போங்க" என்று இங்கே ஒருவர் சொன்னது நல்ல யோசனை. விடிகாலையில் எல்லாரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

ஆனால் அங்கே வேறு சிக்கல். கையில் டீ, வாயில் பீடி. அப்படியே அளந்தால் அளவு ஏறித்தான் காட்டும். அரை மணி நேரம் இரண்டையும் நிறுத்தி, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார வைத்து, கையை இதய மட்டத்தில் வைத்து இருமுறை அளக்கிறோம். 140/90க்கு மேல் இருந்தால் வேறொரு நாளும் பார்த்துவிட்டுத்தான் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறோம்.

பெரிய தலைவலி, "நார்மல் ஆயிடுச்சு" என்று மாத்திரையை நிறுத்தியவர்கள். மாத்திரையால்தான் நார்மல் என்று புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. விடுபட்டவர்களின் பட்டியலைத் தன்னார்வலர் அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

உப்புப் பேச்சு இன்னும் தொடங்கவில்லை. கருவாட்டைக் குறை என்று சொல்ல எனக்கே தைரியம் வரவில்லை.