டயாட்டம் ஓட்டைச் சிலிக்கானாக மாற்றும்போது வடிவம் சிதைகிறது, எங்கே தப்பு?

கேள்வி:
ஆலகோசெய்ரா என்ற டயாட்டத்தின் (ஒருசெல் நீர்ப்பாசி) சிலிக்கா ஓட்டை (குட்டி உருளை போலிருக்கும்) வடிவம் மாறாமல் சிலிக்கானாக்கப் பார்க்கிறேன். 1 கிராம் ஓட்டுப் பொடியும் 1 கிராம் மெக்னீசியம் தூளும் கலந்து, குவார்ட்ஸ் குழாய் உலையில், ஆர்கானில், 650 டிகிரி செல்சியஸில் 3 மணி நேரம் வைத்தேன். பொடி கட்டிதட்டிப் போகிறது, நடுநடுவே நீலம் பூக்கிறது. அமிலத்தில் போட்டால் படபடவென்று பொறி பறக்கிறது. எஸ்.இ.எம். என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு துளைகூட மிச்சமில்லை.

பதில் 1:
அந்த நீலம் மெக்னீசியம் சிலிசைடு. அமிலம் பட்டால் சிலேன் வாயு வரும், காற்றுப் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். பொறி அதனால்தான். ஃப்யூம் ஹூடுக்கு (வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஆய்வகக் கூண்டு) வெளியே இதைச் செய்யவே செய்யாதீர்கள்.

1 கிராம் சிலிக்காவின் ஆக்சிஜனைப் பிடுங்க 0.81 கிராம் மெக்னீசியம் போதும். நீங்கள் போட்டது கூடுதல், மிஞ்சியது சிலிக்கானோடு சேர்ந்து சிலிசைடாகிவிட்டது. வடிவம் போனது வேறு காரணத்தால்: வினை தானே கடும் வெப்பத்தைக் கக்குவது. உலை 650 காட்டும், பொடிக்குள் அதைவிட எவ்வளவோ ஏறியிருக்கும்.

120 டிகிரியில் நன்றாகக் காயவைத்துப் பொடித்த சாதாரண உப்பு 10 கிராம் சேருங்கள். உப்பு 801 டிகிரியில் உருகும், உருகும்போது மிஞ்சிய சூட்டை விழுங்கிவிடும். ஓட்டை உரலில் இடிக்க வேண்டாம், உடைந்துவிடும். டப்பாவில் போட்டுக் குலுக்கினால் போதும். நிமிடத்துக்கு 5 டிகிரி வீதம் ஏற்றுங்கள்.

பதில் 2:
வடிவம்தான் முக்கியமென்றால் தூளைக் கலக்கவே கூடாது, மெக்னீசிய ஆவியை அனுப்ப வேண்டும். அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் சாண்டேஜ் குழு 2007இல் நேச்சர் இதழில் காட்டியது இதைத்தான், அதுவும் இதே ஆலகோசெய்ராவில், 650 டிகிரியில். மூடிய எஃகுக் கலத்தில் பொடி ஒரு தட்டில், மெக்னீசியம் தள்ளி இன்னொரு தட்டில்.

வினை முடிந்த ஓட்டில் கன அளவில் ஏறக்குறைய 65 சதம் மெக்னீசியம் ஆக்சைடு, 35 சதம் சிலிக்கான், இரண்டும் பின்னிக் கிடக்கும். அமிலம் ஆக்சைடை அரித்தெடுத்ததும் அதே உருளை நுண்துளைச் சிலிக்கானாக நிற்கும். அந்தக் குழுவுக்குக் கிராமுக்கு 500 சதுர மீட்டருக்கு மேல் பரப்பு கிடைத்தது. ஒரு கிராம் பொடிக்குள் இவ்வளவு பரப்பு!

பதில் 3:
மூன்று விஷயம் விட்டுப்போயிற்று. மெக்னீசிய ஆவி குவார்ட்ஸையும் அரிக்கும், அதுவும் சிலிக்காதானே. எஃகுக் கலத்தையே உள்ளே வையுங்கள். ஆர்கானுக்குப் பதில் நைட்ரஜன் வேண்டாம்: நைட்ரைடு உண்டாகி, கழுவும்போது அம்மோனியா நாறும். வடிகட்டிக்கென்று சோடாச் சாம்பல் சேர்த்துச் சுட்ட டயாட்டமைட்டையும் (டயாட்டம் ஓடுகள் படிந்த மண்) வாங்காதீர்கள், நுண்துளைகள் உருகி அடைத்திருக்கும். சுடாத ரகத்தை எடுத்து, ஹைட்ரஜன் பெராக்சைடில் கரிமக் கழிவை நீக்கி, காயவைத்துப் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கழுவ எவ்வளவு அமிலம்? ஹைட்ரோஃபுளோரிக் அவசியமா?

பதில் 1:
கணக்குப்படி 1 கிராம் சிலிக்காவுக்கு 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் 67 மி.லி. 150 மி.லி. வையுங்கள், பொடியைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடுங்கள். உப்பு கலந்திருந்தால் அதுவும் இதிலேயே கரைந்துவிடும். ஹைட்ரோஃபுளோரிக் வினையாகாத சிலிக்காவைக் கரைக்கத்தான்; அது மிச்சமிருக்கிறதா என்று முதலில் எக்ஸ்.ஆர்.டி. (படிகங்களைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை) எடுத்துப் பாருங்கள். ஆனால் வினையாகாத ஓட்டுச் சிலிக்கா படிகமற்றது, கூர்மையான உச்சியாகத் தெரியாது, 22 டிகிரி கோணத்தின் பக்கம் அகலமான மேடாகத்தான் வரும். அது இல்லையென்றால் ஹைட்ரோஃபுளோரிக்கைத் தொடவே வேண்டாம். இருந்தால், அந்த அமிலம் தோலில் பட்டால் தடவும் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் பாட்டிலைத் திறக்காதீர்கள்.