கடைசி வரிசையில் உட்கார்ந்த ஆறு பேர்

ஒரகடம் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருந்தேன். காது கேளாத பையன்கள் ஆறு பேரை வேலைக்கு எடுத்தார்கள். அந்த மாதமே எங்களுக்கு ‘எல்லோருக்குமான பணியிடம்’ என்று அரைநாள் வகுப்பு. இங்கிலீஷ் ஸ்லைடு, நடுவில் சமோசா. ஆறு பேரும் கடைசி வரிசை. சைகையில் சொல்ல ஒரு ஆள் ஏற்பாடு செய்யவில்லை. யாருக்காக வகுப்போ, அவர்களுக்கு ஒரு சொல்கூடப் போய்ச் சேரவில்லை. வருகைப் பதிவில் கையெழுத்து மட்டும் தவறாமல் வாங்கினோம். நோட்டை நீட்டியவன் நான்தான்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வைத்திருக்க வேண்டும். எங்களுடையது கேட் அருகே பளபளவென்று தொங்கியது. அதுவும் இங்கிலீஷில்.

அடுத்து மாக் டிரில், அதாவது தீ விபத்து ஒத்திகை வந்தது. சைரன் அடித்ததும் எல்லோரும் மைதானத்துக்கு ஓடினோம். தலை எண்ணினால் ஆறு குறைகிறது. உள்ளே போய்ப் பார்த்தால் குனிந்த தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். நிஜத் தீயாக இருந்திருந்தால்? அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சைரனோடு சேர்ந்து மின்னும் சிவப்பு விளக்குகள் அதற்கப்புறம்தான் வந்தன. கூடவே, ஆறு பேரில் ஒரு தம்பியே எங்களுக்கு வாத்தியார் ஆனான். ஷிப்டுக்கு முன் பதினைந்து நிமிடம்: நிறுத்து, சூடு, ஆபத்து, வெளியே போ, ஓ.டி. (கூடுதல் நேர வேலை) உண்டா. டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021-இல் பத்தாயிரம் சொற்களுக்கு அகராதி முடித்திருக்கிறது, எல்லாம் வீடியோ. அதைப் பார்த்து நான் பெருமையாகச் செய்துகாட்டிய சில சைகைகளுக்கு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். இங்கே அதற்கு வேறு சைகையாம்.

இன்னொன்று. ‘பேச முடியாவிட்டால் என்ன, எழுதிக் காட்டலாமே’ என்றுதான் நானும் நினைத்தேன். சைகை மொழியின் இலக்கணமே வேறு. அதில் வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இன்னொரு மொழி மாதிரி. நான் நோட்டீஸில் எழுதிய நீளமான பத்திக்கு அவன் தலையாட்டியதெல்லாம் மரியாதைக்குத்தான்.

பதில் (இன்னொரு வாசகர்): எங்கள் சென்னை சர்வீஸ் சென்டரில் ஒரு திருநங்கை சேர்ந்தார். எங்களுக்கும் இதே மாதிரி வகுப்பு. அதில் எழுந்த ஒரே கேள்வி, எந்த டாய்லெட் என்பது. அது ஒரே நாளில் தீர்ந்தது. தீராதது வீடு. 2017-இல் கொச்சி மெட்ரோ வேலைக்கு எடுத்த திருநர்களில் சிலர் வாடகைக்கு வீடு கிடைக்காமலே வேலையை விட்டார்களே, அதே கதை. ஹவுஸ் ஓனருக்கு யார் வகுப்பு எடுப்பது? கடைசியில் மேனேஜர் அக்கா தன் பெயரில் அக்ரிமென்ட் போட்டார்.

பதில்: ஒரகடம் சார், அந்தப் பதினைந்து நிமிடம் கம்பெனி நேரமா, உங்கள் நேரமா?

பதில் (பதிவு எழுதியவர்): முதல் வாரம் எங்கள் டீ நேரம். டிரில் ரிப்போர்ட் மேலே போன பிறகு கம்பெனி நேரம். பயந்துதான் கொடுத்தார்கள், கொடுத்தவரைக்கும் சரி. பையன்களை எங்கள் ஆட்கள் முதுகுக்குப் பின்னால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதை இங்கே எழுத மாட்டேன். அவர்களும் எங்கள் ஒவ்வொருவருக்கும் சைகையில் பெயர் வைத்திருந்தார்கள். என் பெயர், வயிற்றுக்கு முன்னால் கையால் ஒரு பெரிய அரைவட்டம். இப்போதும் வீடியோ கால் வந்தால் அந்த வாத்தியார் தம்பி முதலில் அதைத்தான் போடுகிறான்.